ஒடிந்த மூக்கும் ஒற்றைத் துளையும்

காலை ஆறு மணி பத்து நிமிடம். நான் முதலில் பார்த்தது காப்பித்தூளை.

என் தங்கையின் கணவர் வயிற்றில், தொப்புளுக்கு இடதுபுறம் நான்கு விரல் தள்ளி, ஒரு கைப்பிடி காப்பித்தூள் அப்பியிருந்தது. அதன்மேல் கட்டிய துண்டு நழுவி இடுப்புக்கு வந்திருந்தது. மீன் ஏற்றும் மினி லாரியின் பின்புறம், ஐஸ் பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்து வந்தவர், காரைக்கால் மருத்துவமனை வாசலில் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த ஊழியர், நோயாளி யார் என்று தெரியாமல், பதறிக்கொண்டிருந்த கூட்டாளியை அதில் உட்கார வைக்கப் பார்த்தார்.

“நான் இல்லீங்க, அவரு. அவரத்தான் மீன் குத்திருச்சு” என்றான் கூட்டாளி.

மாப்பிள்ளையும் இந்தக் கூட்டாளியும் ஒரே பைபர் படகில் தொழில் செய்பவர்கள். நடந்ததை அவன் வாசலிலிருந்து அவசர சிகிச்சை அறைக் கதவு வரைக்கும் உள்ள தூரத்தில் மூன்று முறை சொன்னான். வாசலில் முழங்கை நீளம் இருந்த மீன், வரவேற்பு மேசைக்கு வரும்போது இடுப்பு உயரம் ஆனது. கதவருகே ஆள் உயரத்தைத் தொட்டது. நாளிதழில் இருபத்தெட்டு ஆண்டுகள் பிறர் எழுதியதை வெட்டிச் சோறு தின்றவன் நான். வெட்டிய பிறகு மிஞ்சியது இவ்வளவுதான்: விடிவதற்கு முன்பு வலையைப் படகுக்குள் இழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள், மாப்பிள்ளை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், சட்டை போடவில்லை, வெளிச்சத்தைப் பார்த்து ஒரு முரல் தண்ணீரிலிருந்து எகிறி வந்து வயிற்றில் குத்தியது, அதை அவரே பிடுங்கினார்.

முரலைத் தெரியாதவர்களுக்கு: ஒல்லியான மீன், முகத்தில் பாதி மூக்கு. உண்மையில் அது வாய். நீண்டு, கூர்ந்து, உள்ளே பொடிப் பல் வரிசையோடு இருக்கும். கரையில் எல்லோரும் மூக்கு என்றுதான் சொல்வார்கள். எலும்பு பச்சை நிறம். முதல்முறை குழம்பில் பார்க்கிறவர்கள் மீன் கெட்டுவிட்டது என்று தட்டை நகர்த்தி வைப்பார்கள்.

குத்துப்பட்ட மனிதரை நேராக மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். கரையில் இறங்கியதும் டீக்கடைக்குத்தான் போனார்கள். அங்கே ஒரு மருத்துவக் கூட்டம் நடந்திருக்கிறது. மஞ்சள் தூளே சிறந்தது என்று ஒரு தரப்பு. காப்பித்தூளே சிறந்தது என்று இன்னொரு தரப்பு. டீக்கடையில் மஞ்சள் தூள் இல்லாததால் காப்பித்தூள் வென்றது. அறிவியல் முன்னேறுவது இப்படித்தான்.

அறுவை சிகிச்சை மருத்துவர் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். துண்டை விலக்கிப் பார்த்தார்.

“யாரு போட்டது இது?”

“டீக்கடையில, டாக்டர்.”

“பால் ஊத்தலையே?”

“இல்லீங்க, டாக்டர்” என்று கூட்டாளி மிகுந்த பொறுப்போடு பதில் சொன்னான்.

கழுவித் துடைத்ததும் காயம் தெரிந்தது. சட்டைப் பொத்தான் அளவு. இரத்தம் ஏறக்குறைய நின்றிருந்தது. அதற்குள் வந்து சேர்ந்திருந்த மாப்பிள்ளையின் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, ஏமாற்றத்தை மறைக்க முடியாமல் சொன்னார்: “இதுக்கா என்னைக் கடையப் பூட்டிட்டு வரச் சொன்னீங்க?”

அவர் தருமபுரத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. மற்ற விஷயங்களைப் பற்றியும் அவருடைய கருத்து அதுவே.

“வெளிய தெரியிறது வாசல்தாங்க” என்றார் மருத்துவர். “வீடு எவ்வளவு பெருசுன்னு வாசலப் பார்த்துச் சொல்ல முடியாது.”

தங்கை அதற்குப் பிறகுதான் வந்தாள். வந்தவள் காயத்தைப் பார்க்கவில்லை, கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்தார். “ஒண்ணும் இல்ல புள்ள. முரலு.” அவளும் கடற்கரையில் பிறந்தவள்தான். முரல் என்றதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். முடிவை மருத்துவர் வாசித்துச் சொன்னபோது எனக்குப் பழைய அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. குடலுக்கு வெளியே ஓரிரு காற்றுக் குமிழிகள் இருப்பதாகத் தெரிகிறது. கொஞ்சம் நீர் கோத்திருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு சிறிய வெள்ளைக் கோடு காணப்படுகிறது, அது எலும்புத் துண்டாக இருக்கக்கூடும், இல்லாமலும் இருக்கக்கூடும். தெரிகிறது, தோன்றுகிறது, கூறப்படுகிறது. வழக்கு வந்துவிடக் கூடாதே என்று நாங்கள் காலம்காலமாகச் செய்த தொழில்நுட்பத்தை, இத்தனை விலை கொடுத்து வாங்கிய இயந்திரமும் கற்றுவைத்திருந்தது.

மருத்துவர் எங்களை வெளியே அழைத்து நிற்க வைத்துச் சொன்னார். மூக்கு வயிற்றுச் சுவரைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். விழுந்திருந்தால் குடலில் உள்ளது வயிற்றுக்குள் கசியும். இன்று சிரித்துப் பேசுகிற ஆள், நாளை மறுநாள் பேச மாட்டார். அதனால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். பார்ப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, நெஞ்சுக்குக் கீழே தொடங்கித் தொப்புளைத் தாண்டி நேராகத் திறப்பது. எல்லாம் கண்ணெதிரே இருக்கும், கையால் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் காயம் ஆற நாளாகும். பின்னால் அந்த இடம் பலவீனப்பட்டுக் குடல் பிதுங்கவும் வாய்ப்பு உண்டு. இன்னொன்று, மூன்று சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பார்ப்பது. வலி குறைவு, சீக்கிரம் எழுந்துவிடலாம். ஆனால் இருபது அடிக் குடலைக் குச்சி மாதிரி கருவியால் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரு மடிப்புக்குள் ஒளிந்திருக்கிற ஓட்டை கண்ணில் படாமல் போகலாம்.

“ரத்த அழுத்தம் இறங்கியிருந்தா உங்ககிட்ட இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். திறந்திருப்பேன். இப்ப ஆள் நிலையா இருக்கார். அதனால யோசிக்க நேரம் இருக்கு. ரொம்ப இல்ல.”

யோசிக்க நேரம் இருக்கிறது என்று எங்கள் குடும்பத்திடம் சொல்லக் கூடாது. அது அவருக்குத் தெரியாது.

அண்ணன் முதலில் தொடங்கினார். “திறந்துருங்க டாக்டர். எஞ்சின்ல சத்தம் வந்தா ஹெட்டக் கழட்டிப் பாக்கணும். சைலன்சர் வழியா எட்டிப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?”

“எஞ்சினத் திறந்து மூடினா அதுக்கு வலிக்காதுங்க.”

“வலி என்னங்க வலி. ஆம்பளப் பய.”

வெட்டுப்படப் போகிறவர் தம்பி என்பதால் அண்ணனின் துணிச்சலுக்கு அளவே இல்லை.

சுரக்குடியிலிருந்து வேறு வேலையாக ஊருக்கு வந்த இடத்தில் செய்தி கேட்டு ஓடிவந்த பெரியப்பா மகன் ஒருவர், தஞ்சாவூருக்குக் கொண்டுபோவதே உத்தமம் என்றார். புதுச்சேரியில் அரசு வேலையில் இருக்கும் இன்னொரு உறவினர், அங்கேயே அழைத்து வந்துவிடும்படி தொலைபேசியில் சொன்னார். எங்கள் மாநிலத்தின் தலைநகருக்குப் போக நாங்கள் அடுத்த மாநிலத்துக்குள் நுழைந்து, வெளியேறி, மறுபடி எங்கள் மாநிலத்துக்குள் நுழைய வேண்டும். ஆனாலும் காரைக்காலில் எந்த நோய்க்கும் முதல் மருந்து பயணம்தான். தலைவலி என்றால்கூட, எந்தப் பக்கம் வண்டி எடுப்பது என்று கேட்டுவிட்டுத்தான் தைலத்தைத் தேடுவோம்.

“போகலாம்” என்றார் மருத்துவர். “மூணு நாலு மணி நேரம் வண்டியில ஆடிக்கிட்டே போனா, இன்னிக்கு உள்ள ஒரு சொட்டு கசியிறது அங்க போறப்ப ஒரு டம்ளரா இருக்கும். முடிவு உங்களுது.”

தஞ்சாவூருக்குப் போகச் சொன்ன சுரக்குடி உறவினர் ஒரு முக்கியமான அழைப்பு வந்தவரைப் போல நகர்ந்தார்.

தங்கை என் சட்டையைப் பிடித்துத் தனியே இழுத்தாள். “அண்ணே, எதுத்த வீட்டுக்காரரப் பாத்திருக்கல்ல? நெஞ்சுலேருந்து கீழ வரைக்கும் கிழிச்சாங்களே.”

பார்த்திருக்கிறேன். பிழைத்துக்கொண்டார். பிழைத்து, இரண்டு வருடமாக வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டு திரிகிறார். இருமினால் தையல் போட்ட இடம் எலுமிச்சம்பழம் போலப் புடைக்கும். வலை இழுக்க முடியாது. நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார். கடலுக்குப் போகிறவன் எல்லாம் நலம் விசாரிப்பதால் பதில் சொல்லியே களைத்துப் போகிறார்.

“இவுரு அந்த மாதிரி உக்காந்தார்னா செத்துருவாருண்ணே. ஓட்டை போட்டே பாக்கச் சொல்லு.”

“ஓட்டை போட்டுப் பாத்து எதையாச்சும் விட்டுட்டாங்கன்னா?”

“அதான் எனக்கும் தெரியலியே.” என் சட்டையை விடாமலே அப்படிச் சொன்னாள்.

இதுதான் கணக்கு. பெரிதாக வெட்டினால் ஆள் இருப்பார், கடல் போய்விடலாம். சிறிதாக வெட்டினால் கடல் இருக்கும், ஆளே போய்விடலாம். இரண்டுமே போகாமல் இருக்கவும் வாய்ப்பு இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. நல்ல செய்திக்கு ஒரு பத்திதான் ஒதுக்குவோம், உள்பக்கத்தில்.

அப்போது மருத்துவர் மறுபடி வெளியே வந்தார். “குத்தின மீன் எங்க?”

யாரும் எதிர்பாராத கேள்வி. “ஏன் டாக்டர்?” என்றேன்.

“மூக்கு முழுசா இருக்கான்னு பாக்கணும். நுனி ஒடஞ்சிருந்தா துண்டு உள்ள இருக்குன்னு அர்த்தம். அப்ப நான் தேடுற விதமே வேற.”

எல்லோரும் கூட்டாளியைப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்தான்.

“மீனு ஏலத்துல போயிருச்சுங்க.”

“மூக்கு?”

“ஒடிச்சிட்டேன்.”

“ஏன்?”

முரல் படகில் ஏறியதும் கை தானாகப் போய் மூக்கை ஒடிக்கும். காலில் குத்தும், பையைக் கிழிக்கும், மூக்கோடு கரைக்குக் கொண்டுபோனால் வாங்குகிறவர்கள் தொடவே மாட்டார்கள். மனிதனைக் குத்திவிட்டுத் துடித்துக்கொண்டிருந்த மீனையும், நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நிமிடத்தில், அவன் எடுத்து, மூக்கை ஒடித்து, ஐஸ் பெட்டிக்குள் எறிந்துவிட்டுத்தான் எஞ்சினை இயக்கியிருக்கிறான். தடயத்தை இவ்வளவு நேர்த்தியாகக் கலைத்த குற்றவாளிகளை நான் செய்தியில்கூடப் படித்ததில்லை.

“படகுக்குள்ளதான் கிடக்கும்” என்றான். “போய்ப் பாக்கலாம்.”

அண்ணனுடைய மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு, படகு கட்டியிருந்த அரசலாற்றங்கரைக்குப் போனோம். வழியெல்லாம் கூட்டாளி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினான், தலையைத் திருப்பித் திருப்பி. முன்னால் பார்த்து ஓட்டினால் மன்னிப்பதாகச் சொன்னேன்.

படகைப் பாதி கழுவியிருந்தார்கள். சுத்தம் எங்கள் ஊரில் எப்போதும் தவறான நேரத்தில்தான் வரும். மீதிப் பாதியில், அடித்தளத்தில் தேங்கிய தண்ணீரில், செதிலும் கயிற்றுத் துணுக்கும் மிதக்க, கையை விட்டுத் துழாவினோம். ஐந்து மூக்குகள் கிடைத்தன.

“இதாங்க” என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினான் கூட்டாளி. “மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, கொலகாரப் பய.”

“எப்படித் தெரியும்?”

அவன் யோசித்து, அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தான். “இதுவா இருக்குமோ?”

ஐந்தையும் ஒரு பழைய நாளிதழில் சுற்றி எடுத்துக்கொண்டேன். நான் வேலை பார்த்த நாளிதழ்தான். அதை அவ்வளவு பயனுள்ள காரியத்துக்கு யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

மருத்துவர் அந்தப் பொட்டலத்தை ஒரு எஃகுத் தட்டில் பிரித்தார். மூன்றில் நுனி ஊசியாக, முழுசாக இருந்தது. இரண்டில் நுனி இல்லை. அந்த இரண்டில் ஒன்று காய்ந்து வெளுத்திருந்தது. முந்தைய ஏதோ ஒரு நாளின் மீன். மற்றது ஈரமாக இருந்தது. ஒடிந்த இடத்தில் பச்சை எலும்பு பளிச்சென்று தெரிந்தது.

“அப்ப இதுதான்” என்றார் அண்ணன்.

“இதுவா இருக்கலாம்” என்றார் மருத்துவர். “படகுல அடிபட்டும் ஒடஞ்சிருக்கலாம்.”

“அப்ப ஒண்ணும் தெரியலைங்கிறீங்க.”

“சந்தேகப்படணும்னு தெரிஞ்சிருக்கு. அது ஒண்ணும் இல்லாததவிட மேல்.”

பிறகு அவர் தங்கையைப் பார்த்துச் சொன்னார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. “அம்மா, நான் கேமராவோட ஆரம்பிக்கிறேன். மூணு துளை. உள்ள பாத்து எனக்குத் திருப்தி வந்தா அதோட முடிச்சிடுவேன். வரலைன்னா திறப்பேன். அப்ப வெளிய வந்து உங்களக் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன். இதுக்குச் சம்மதமா?”

“எவ்வளவு திறப்பீங்க?”

“தேவையான அளவு.”

“அது எவ்வளவுங்க?”

“உள்ள போனாத்தான் தெரியும்.”

“அவரு வலை இழுக்கிற ஆளு” என்றாள் தங்கை. “அத மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு வெட்டுங்க.”

“வச்சுக்கிறேன்” என்றார் மருத்துவர்.

மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவருக்கு வலி கூடியிருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. என்னைப் பார்த்து, “மச்சான், அந்த முரலு எவ்வளவுக்குப் போச்சாம்?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “விசாரிச்சு வைங்க” என்றார். கதவு மூடிக்கொண்டது.

வெளியே நீண்ட பெஞ்சில் உட்கார்ந்தோம். கேமராவை எப்படி விடுவார்கள் என்று கூட்டாளி கேட்டான். வயிற்றுக்குள் இடம் வேண்டும் என்பதற்காக முதலில் வாயுவை ஏற்றி உப்ப வைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

அண்ணன் நிமிர்ந்தார். “காத்து அடிப்பாங்களா? வயித்துலயா?”

“கரியமில வாயு.”

“சோடாவுல அடைக்கிறதா?”

“அதேதான்.”

“ஏற்கெனவே ஓட்டையான வயித்துலயா?” அவர் ஒரு தொழில்நுட்ப வல்லுநருக்குரிய வேதனையோடு தலையை ஆட்டினார். “பஞ்சரான டயருக்குக் காத்து அடிச்சு, எங்க போவுதுன்னு பாக்கிற மாதிரி.” சொல்லிவிட்டு, தான் சொன்னது அந்த முறைக்கு ஆதரவாக அமைந்துவிட்டதை உணர்ந்தவர் போல நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “திறந்தே பாத்திருக்கலாம்” என்று சேர்த்தார்.

தங்கை உட்காரவே இல்லை. கதவுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் தோளுக்குப் பக்கத்தில் கை கழுவும் முறையை விளக்கும் படம் ஒட்டியிருந்தது. அதன் கீழே இருந்த குழாயில் தண்ணீர் வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு கதவு பாதி திறந்து செவிலியர் ஒருவர் தலையை நீட்டினார். “திறக்கிறாங்க. உங்ககிட்ட சொல்லிடச் சொன்னாங்க.”

“நான் சொன்னேன்ல” என்றார் அண்ணன், எழுந்து நின்று. வாக்கியம் முடிந்த பிறகுதான் அவருக்கு அதன் பொருள் விளங்கியது. அவர் எங்களைப் பார்த்த பார்வையில் பட்டறை முதலாளி யாரும் இல்லை. ஓரமாகப் போய் நின்றுகொண்டார். தங்கை சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். “அண்ணே, எவ்வளவுன்னு கேளு” என்றாள். கதவு மூடியிருந்தது. நான் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, கதவுக்கு முன்னால் போய், கேட்க ஆளில்லாமல் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மருத்துவர் வெளியே வந்தபோது முகமூடியின் தடம் மூக்கில் பதிந்திருந்தது. “நல்லா இருக்கார்” என்று முதலில் சொன்னார். ஒரு செய்தியின் முதல் வரி எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவர். விவரத்தைப் பிறகு சொன்னார்.

கேமராவில் ஒரு ஓட்டை உடனே தெரிந்தது. சிறுகுடலில், மிளகு அளவு. அதைத் தைத்தாகிவிட்டது. “ஒரே ஒரு ஓட்டை. அதுதான் எனக்குப் பிடிக்கல.”

“ஒண்ணுன்னா நல்லதுதானேங்க?” என்றான் கூட்டாளி.

“உள்ள போனது வெளிய வந்திருக்கணும். குடல்ல ஓட்டை ஜோடியாத்தான் இருக்கும். ஒத்தையா நின்னா இன்னொண்ண நாம பாக்கலன்னுதான் முதல்ல நினைக்கணும். துண்டு அங்கேயே நின்னிருந்தா ஒண்ணோட முடிஞ்சிருக்கலாம். ஆனா துண்டும் கண்ணுல படல.”

கருவியால் இரண்டு முறை புரட்டிப் பார்த்திருக்கிறார். கிடைக்கவில்லை. தட்டில் கிடந்த நுனியில்லாத மூக்கு நினைவில் இருந்திருக்கிறது. எனவே கேமரா விட்ட தொப்புள் துளையையே மூன்று விரல் அகலத்துக்குப் பெரிதாக்கி, அந்த வழியே குடலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, கையால் தடவிப் பார்த்து, பார்த்ததை உள்ளே விட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

“நாங்க வலையில கிழிசல் பாக்கிற மாதிரி” என்றான் கூட்டாளி.

“இருக்கும். நீங்க பாக்கிறது வெயில்ல.”

இரண்டாவது ஓட்டை குடலும் அதைத் தாங்குகிற கொழுப்பு மடிப்பும் சேரும் ஓரத்தில் மறைந்து இருந்தது. ஓட்டையை அடைத்துக்கொண்டு நுனி நின்றது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் காட்டினார். நகத்துண்டு அளவு, பச்சை.

“கேமராவோட மட்டும் நிறுத்தியிருந்தா?” என்று நான் கேட்டேன். தொழில் புத்தி.

“ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பாத்திருப்போம். அப்ப இவ்வளவு நிதானமாப் பேசிக்கிட்டு இருந்திருக்க மாட்டோம்.”

“முழுசாத் திறந்திருந்தா?”

“சீக்கிரம் கிடைச்சிருக்கும். உங்க தங்கச்சி என்ன மன்னிச்சிருக்க மாட்டாங்க.”

தங்கை மூன்று விரலைச் சேர்த்துத் தன் வயிற்றில் சேலைமேல் வைத்துப் பார்த்தாள். விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

அன்று மாலைக்குள் எல்லோரும் வென்றிருந்தார்கள். திறக்கச் சொன்னது தான்தான் என்று அண்ணன் பட்டறையில் சொன்னார். தஞ்சாவூர் போயிருந்தால் மூன்று துளையோடே முடித்திருப்பார்கள் என்று சுரக்குடி உறவினர் சொன்னார். மூக்கைத் தேடிப்பிடித்தது தான் என்று கூட்டாளி சொன்னான். ஒடித்தது யார் என்பதை அவன் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நான் வேலை பார்த்த அதே நாளிதழில் ஒற்றைப் பத்திச் செய்தி வந்தது. அதில் குத்தியது வாள்மீன் என்றும், வயிற்றைக் கிழித்து நடந்த சிகிச்சை தழும்பே இல்லாமல் முடிந்தது என்றும் இருந்தது. நான் போன பிறகு தரம் குறைந்துவிட்டது என்று சொல்ல விருப்பம்தான். நான் இருந்தபோதும் இப்படித்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. பார்க்க வந்தவர்கள் காயத்தைக் காட்டச் சொன்னார்கள். எங்கள் கரையில் நலம் விசாரிப்பது என்றால் காயத்தைப் பார்ப்பது. பழமும் ரொட்டியும் அதற்கான நுழைவுச்சீட்டு. மாப்பிள்ளை சட்டையைத் தூக்கிக் காட்டினார். தொப்புளுக்குப் பக்கத்தில் மூன்று விரல் தையல், அப்புறம் இரண்டு மூன்று பொட்டு. வந்தவர்கள் முகம் வாடியது. ஆரஞ்சுப் பழத்துக்குத் தகுதியான காயம் இல்லை என்பது வெளிப்படையாகத் தெரிந்தது.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னாங்களாமே, மூணு மாசம்?”

“ஆமா.”

“மூணு விரலுக்கா மூணு மாசம்?”

ஏன் கடலுக்கு வரவில்லை என்று எதிர்வீட்டுக்காரரை இரண்டு வருடமாக யாரும் கேட்கவில்லை. அவருடைய தழும்பு பேசியது. மாப்பிள்ளையின் தழும்புக்குப் பேச்சு வரவில்லை. உள்ளே தைத்த இரண்டு ஓட்டையை யாருக்கும் சட்டையைத் தூக்கிக் காட்ட முடியாது. பதினைந்தாம் நாளே, சும்மா வந்து விளக்கை மட்டும் பிடி என்று கூப்பிட ஆள் வந்தது. அதற்கடுத்த வாரம் கயிற்றை மட்டும் பிடி என்றார்கள். அவருக்கும் ஆசை வந்தது. சோம்பேறி என்ற சொல்லைக் கேட்பதைவிட ஒரு தையல் பிரிவது மேல் என்று அவர் நினைக்கத் தொடங்கியதை அவருடைய நடையிலேயே பார்க்க முடிந்தது.

ஒரு நாள் காலையில் தங்கை வீட்டுக்குப் போனபோது மாப்பிள்ளையின் உடம்பு மார்பிலிருந்து இடுப்பு வரை வெள்ளைத் துணியால் சுற்றப்பட்டிருந்தது. பதறிப் போனேன்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல” என்றாள் தங்கை. அவள் கையில் பழைய வேட்டியின் மீதிக் கிழிசல் இருந்தது. “இனிமே வர்றவங்க இதப் பாத்துக்கிட்டுப் போவட்டும்.”

“மூச்சு முட்டுது மச்சான்” என்றார் மாப்பிள்ளை.

“முட்டட்டும். அவுத்தா தொழிலுக்குக் கூப்புடுவாங்க.”

அன்று முதல் கேள்விகள் நின்றன. வந்தவர்கள் வாசற்படியிலேயே குரலைத் தாழ்த்தினார்கள். நெஞ்சிலிருந்து பிளந்திருக்கிறார்கள் என்று கரையில் செய்தி பரவியது. கூட்டாளி அதைத் திருத்தவில்லை. பரப்பியவனே அவன்தான் என்று பிறகு தெரிந்தது. பழம் வந்தது. ரொட்டி வந்தது. எதிர்வீட்டுக்காரர் தன்னுடைய பழைய பெல்ட்டைக்கூடக் கொடுத்தனுப்பினார். ஒரு சிறிய வெட்டால் ஆன பலனைக் காப்பாற்ற ஒரு பெரிய கட்டு தேவைப்பட்டது. இதை மருத்துவரிடம் மறுபரிசோதனைக்குப் போனபோது சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கட்டை அவிழ்த்துப் பார்த்து, காயம் நன்றாக ஆறியிருக்கிறது என்றார். பிறகு அவரே துணியை எடுத்து, தளர்வாக, மறுபடி சுற்றிவிட்டார்.

பங்குனியில் குத்துப்பட்டவர், ஆனி பிறந்த வாரத்தில் கடலுக்குப் போனார். வலையை அவரே இழுத்தார். திரும்பி வரும் நேரம் தெரிந்து தங்கையும் நானும் ஆற்றங்கரையில் நின்றோம். படகு கரையைத் தொட்டதும் அவர் இறங்கி நடந்து வந்தார். சட்டை போட்டிருந்தார், கழுத்துப் பொத்தான் வரைக்கும். தங்கை அவர் வயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டாள்.

கூட்டாளி ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்து ஏலக்காரர் முன்னால் கவிழ்த்தான். அதில் இருந்த முரல் எல்லாவற்றுக்கும் மூக்கு இருந்தது.